கப்பல் வந்திட்டுது, கடதாசி எங்கே?

கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே துறைமுகம். அங்கே இறங்கும் பல சரக்குகளை எடுக்க அசல் 'பில் ஒஃப் லேடிங்' வேணும். கடதாசி யார் கையிலோ, சரக்கு அவருக்கே. சென்னைக் கப்பல் கெதியா வந்திடும், வங்கி வழியாகச் சுற்றும் கடதாசி பிந்தும். டெமரேஜ் ஏறும், அது வெள்ளவத்தைக் கடை விலையிலும் ஏறும்.

மின்னஞ்சலில் அனுப்பினால் என்ன? பிரதி பத்து எடுக்கலாம், ஆனால் உரிமையாளர் ஒருவர்தானே! அந்த ஒருவர் யாரெண்டு உறுதிசெய்யத்தான் 1999இல் பொலேரோ வந்தது. இலங்கையில் 2006இன் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. 2018இல் மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் டிரேட்லென்ஸை அறிவித்தன. துறை முழுவதும் ஒத்துழைக்காததால் 2023இல் அது மூடப்பட்டது.

தொழில்நுட்பம் இருந்தது, சட்டமும் இருந்தது. போட்டியாளரின் மேடையை நம்பத்தான் ஆளில்லை. அதுவரை நாங்கள் கடதாசிக்கும் சேர்த்தே காசு கட்டுகிறோம்.