ரியூப் லைற் காலத்துப் பவளம்

லிங்கநகரில இருந்து நிலாவெளிக்கு பஸ் ஏறி, அங்க கரையில ஒரு படகு பிடிச்சால், ஒரு கிலோமீற்றர் அளவில புறாத்தீவு. தண்ணிக்குள்ள முகத்தை வைச்சாலே உயிருள்ள பவளம் தெரியும். இப்பிடியான ஊரில இருந்துகொண்டு, பவளத் தொட்டிக்கு எல்.ஈ.டி. பட்டி நல்லதா, பழைய ரியூப் லைற் நல்லதா எண்டு மண்டையைக் குழப்புறது பகிடிதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுக்குள்ள எங்கட கடலும் வருது.

1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் முக்குளித்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுவாமிமலைக்குக் கீழே, கடலடியில் கிடந்த கோணேசர் கோயில் இடிபாடுகளோடு அந்தக் கதை முடிந்துவிடும். அவர்களுடைய முக்குளிப்புக் கூட்டாளி ரொட்னி ஜொங்க்லாஸ் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தெகிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை செய்தவர். இலங்கையில் இருந்து அலங்கார மீன் ஏற்றுமதி செய்வதில் முன்னோடி. அந்தத் தொழில் வளர வளர, எங்கள் கடல்களின் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பொலித்தீன் பைகளில் விமானம் ஏறி ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்குப் போயின.

போன மீன்கள் எதுக்குள்ள வாழ்ந்தன? கண்ணாடிப் பெட்டி, மேல ஒரு ரியூப் லைற், அடியில வெளுத்த பவள எலும்புக்கூடுகள். உயிருள்ள பவளத்தை வைச்சால் அது கொஞ்ச நாளில செத்துப்போகும். தண்ணியின்ர தரம் ஒரு காரணம். மற்றது வெளிச்சம்.

ரியூப் லைற் 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருக்கும் பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடும். கண்ணாடியின் உட்பக்கம் பூசிய மா அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும். அந்தப் பூச்சை மனுசரின் கண்ணுக்காகத்தான் கலந்தார்கள்: கந்தோரில் கடிதம் வாசிக்க, கடையில் சாமான் பார்க்க. எங்கள் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பிரகாசம். பவளத்தின் தசைக்குள்ளோ ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியை அதுதான் சமைத்துக் கொடுக்கிறது. கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீற்றரிலேயே காணாமல் போய்விடும், நீலம் ஆழத்துக்கு இறங்கும். அந்த நீலத்துக்குப் பழகிய பாசி அது. 38 மில்லிமீற்றர் தடிப்பான, 40 வாற்று ரியூப் இரண்டைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டால் மனுசருக்கு வெளிச்சம், பாசிக்கு அந்தி நேரம்.

முதலில் இந்தப் பூட்டைத் திறந்தவர்களில் ஒருவர் ஜகார்த்தாக்காரர். லீ சின் எங் என்பவர் 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார்: கடல் தண்ணீர், உயிர் ஒட்டியிருக்கும் பாறை, கொஞ்சம் காற்றுக் குமிழி, நல்ல வெயில். அவ்வளவுதான். எனக்கு இந்த வரலாற்றில் ஆகப் பிடித்த இடம் இது. வெயில் இல்லாத நாட்டுக்காரருக்குத்தான் இது பெரிய சிக்கலாக இருந்தது.

அவர்கள் பிறகு உலோக ஹேலைட் விளக்கை வைத்தார்கள். அது தண்ணியைச் சூடாக்கும், கரண்ட் பில்லையும் ஏற்றும். 420 நனோமீற்றரில் ஊதா கலந்த நீலத்தை விடும் 'அக்ரினிக்' ரியூப்கள் வந்தன. கடைசியாக வந்தது 16 மில்லிமீற்றர் மெல்லிய ரி5. நாலடி நீளத்தில் 54 வாற்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரதிபலிப்பான். ஆறோ எட்டோ ரி5 போட்டால் கடினமான பவளமும் வளரும். ரியூப் லைற் தோற்றது எண்டு சொல்லுறவை இதை மறந்துபோறினம். நீள விளக்கு என்பதால் ஒளி எல்லாப் பக்கமும் பரவும், ஒரு கிளையின் நிழல் மற்றக் கிளையைக் கொல்லாது. ஆனால் வருசத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கும் மா தளர்ந்துபோகும், கண்ணுக்குத் தெரியாது.

எல்.ஈ.டி.யின் கதை நீலத்தில்தான் தொடங்குகிறது. சிவப்பும் பச்சையும் முந்தியே இருந்தன. பிரகாசமான நீலத்தைத் தந்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் கிடைத்தது. நாங்கள் வீட்டில் போடும் வெள்ளை எல்.ஈ.டி.யே நீல விளக்கு ஒன்றுக்கு மஞ்சள் சட்டை போட்டதுதான். சட்டையைக் கழற்றினால் ஏறக்குறைய 450 நனோமீற்றர்: பவளத்தின் பாசி கேட்டது அதுதான்.

அப்ப கடையில சுருளாக விற்கிற பட்டியை வாங்கி ஒட்டினால் போதுமோ? போதாது. வழமையான பட்டி ஒரு மீற்றருக்கு 14 வாற்று அளவில்தான் இழுக்கும். மீனுக்கு அழகு, கடினப் பவளத்துக்குப் பசி. உப்புக் காற்று சாலிடரைத் தின்றுவிடும். பவளத்துக்கெண்டு செய்த எல்.ஈ.டி. வேறு சாதி. அதிலும் ஒரு பொறி உண்டு: ரி5இல் இருந்து மாறியவர்கள் முழுப் பலத்தில் போட்டு, பவளத்தை ஒரு கிழமையில் வெளுக்க வைத்திருக்கிறார்கள். குறைத்துத் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும்.

எங்கட ஊருக்கு எது எண்டால், எல்.ஈ.டி.தான். தண்ணி ஏற்கெனவே 28, 29 பாகையில் நிற்கும் இடத்தில் எட்டு ரியூப்பின் சூட்டை அதுக்கு மேல வைக்க ஏலாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது ஞாபகமா? 12 வோல்ற் எல்.ஈ.டி. ஒரு பற்றரியில் எரியும். ஆனால் அந்தப் பற்றரியை முதலில் காற்றுப் பம்புக்குக் கொடுங்கள். ஒரு நாள் இருட்டைப் பவளம் தாங்கும், மூச்சில்லாமல் தாங்காது.

இதெல்லாம் சரி, பவளம் எங்கால? புறாத்தீவு 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. பூங்காவுக்கு வெளியிலும் கல் பவளத்தை உடைப்பது சட்டவிரோதம். 1998இல் கடல் சூடேறி மாலைதீவிலும் எங்கள் தெற்கு, மேற்குக் கரைகளிலும் பவளம் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. தப்பினதில ஒரு கிளையை ஒடிச்சு, புது லைற்றைச் சோதிச்சுப் பார்ப்பம் எண்டு யாரும் வெளிக்கிட்டால் எனக்குக் கோபம்தான் வரும். லைற்றை வாங்கி மீன் வளருங்கோ.

பழைய ரியூப்களுக்கு இனி நாள் இல்லை. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2027உடன் அவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2023இல் இணங்கின. வீட்டில கழற்றிறதை உடைச்சுக் கடற்கரையில போடாதேங்கோ. உள்ள இருக்கிற பாதரசம் தண்ணிக்குப் போனால், அங்க இருந்து மீனுக்குத்தான் போகும்.