தகரக் கதவும் இரும்புக் கதவும்

தெற்கு மெல்பேர்னில் கோவென்ட்ரி தெருவில் சில பழைய இரும்பு வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1851-ல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் கப்பல் கப்பலாக ஜனம் வந்து இறங்கியது. தங்க வீடு இல்லை. அதனால் இங்கிலாந்திலேயே நெளிதகரமும் சட்டமும் வெட்டி, எண் போட்டு, பெட்டியில் அடைத்து வீடாகவே அனுப்பினார்கள். அப்படி வந்தவற்றில் மிஞ்சியவைதான் இவை. பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் அவன், "அப்பா, ஆயா வீட்டு வாசனை அடிக்குது" என்றான். எனக்கும் அதேதான் தோன்றியது. வெயிலில் காய்ந்த தகரத்தின் வாசனை.

ஆயா வீடு இருப்பது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம் ஒரு லைனில். கேஜிஎஃப் என்றால் இப்போது எல்லோரும் 2018-ல் வந்த படத்தைத்தான் கேட்கிறார்கள். படத்தில் பார்த்த மண்மேடுகள் நிஜம்தான், எங்கள் ஊர் சயனைடு மேடு. மற்றதைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. நான் சொல்ல வந்தது கதவைப் பற்றி.

நெளிதகரத்துக்கு 1829-ல் காப்புரிமை வாங்கியவர் லண்டன் துறைமுகத்தில் இஞ்சினியராக இருந்த ஹென்றி ராபின்சன் பால்மர். மெல்லிய தகடுதான், ஆனால் அலை அலையாக மடித்தால் தன் பாரத்தைத் தானே தாங்கும். 1837 வாக்கில் துத்தநாகப் பூச்சு வந்தது, துருவும் குறைந்தது. அதற்கப்புறம் உலகத்தில் எங்கெல்லாம் அவசரமாகக் கூரை வேண்டுமோ அங்கெல்லாம் தகரம் போனது. தங்கம் கிடைத்த இடங்களில் அவசரத்துக்குக் கேட்கவா வேண்டும்!

எங்கள் ஊருக்கும் இந்தப் பக்கத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. கோலாரில் தங்கம் தோண்ட 1873-ல் மைசூர் சமஸ்தானத்திடம் அனுமதி கேட்ட மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துச் சண்டையில் இருந்துவிட்டு பெங்களூரில் வந்து தங்கிய சிப்பாய். அவர் கையில் பணம் நிற்கவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகுதான் சுரங்கம் சுரங்கமானது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நிலமில்லாத ஜனங்கள், பெரும்பாலும் சேரிக்காரர்கள், மூட்டையோடு வந்தார்கள். எங்கள் பாட்டனும் அதில் ஒருவர். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதற்கு, பூமிக்குள் போவது மேல் என்று வந்தவர்.

வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். கூலிக்காரர்களுக்கு மூங்கில் தட்டி வைத்த குடிசை வரிசை. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து கேஜிஎஃபுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள், பெங்களூருக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. ஆனால் அது வந்தது எந்திரத்துக்கு, தட்டி வீட்டுக்கு அல்ல. பாட்டி சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்த வீட்டுக்குக் கதவும் ஒரு தட்டிதான். நாய் வராமல் சாத்தி வைப்பது, அவ்வளவுதான். பூட்டு என்கிற பேச்சே இல்லை. பூட்டிப் பயனும் இல்லை. தங்கக்கல் திருட்டைத் தடுக்க 1897-ல் மைசூர் சுரங்கச் சட்டம் வந்தது. கணக்கில் வராத கல் வீட்டில் இருந்தாலே குற்றம். கல் தேடி போலீஸ் லைனுக்குள் நுழையும்போது கதவு என்ன செய்யும்? வீடும் கம்பெனியுடையது. 1930-ல் கைரேகை வைத்துத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றபோது ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். கதவைப் பொறுத்துக்கொண்டவர்கள் கட்டைவிரலைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

நான் பிறந்தபோது எங்கள் வீடு கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மேலே தகரம், வாசலில் மரச்சட்டத்தில் அடித்த தகரக் கதவு. கீழே இரண்டு விரற்கடை இடைவெளி. கோடையில் சயனைடு மேட்டிலிருந்து புழுதி அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அம்மா பழைய சேலையைச் சுருட்டி அங்கே திணிப்பார். சோற்றில் நறநறவென்று கடிபடும்.

அந்தக் கதவின் அருமை ஏர் பிளாஸ்ட் வரும்போதுதான் தெரியும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. தோண்டி எடுத்த இடம் வெற்றாகி, மேலிருக்கும் பாறையின் பாரம் பக்கத்துப் பாறைமேல் ஏறிக்கொண்டே போகும். தாங்காத ஒரு நாள் பாறை வெடித்துச் சிதறும். மேலே வீட்டில் பாத்திரம் உருளும், தகரம் முழுக்க கடகடவென்று அடிக்கும். சட்டம் கோணினாலும் தகரக் கதவு சிக்கிக்கொள்ளாது, ஒரு உதை விட்டால் திறக்கும். பெண்கள் எல்லாம் அப்படியே ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். எந்த ஷிஃப்டில் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். அம்மாவும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். நைனா ஏறி வந்தார். எல்லோருடைய நைனாவும் வரவில்லை.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முன்பு லைனில் எந்த நேரமும் ஆள் இருக்கும். மூன்று ஷிஃப்ட், ஒருவர் தூங்க ஒருவர் கிளம்ப, திண்ணையில் கிழவர்கள். மூடிய பிறகு இளசுகள் எல்லாம் விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பினார்கள். பகலில் லைன் காலி. அப்போதுதான் வீட்டுக்கு வீடு இரும்புக் கதவு வந்தது. திருட்டும் அப்போதுதான் வந்தது என்பது ஊர்ப்பேச்சு. எது முதலில் வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நைனா 2005-ல் போய்விட்டார். அம்மா தனி. இங்கே வந்துவிடும்மா என்றால் வரமாட்டார். நான் 2006-ல் பணம் அனுப்பி, "ஒரு நல்ல இரும்புக் கதவு போடும்மா" என்றேன்.

"இன்னாத்துக்குடா? உள்ளே இன்னா இருக்குது திருடறதுக்கு?"

"நீ இருக்கியே" என்றேன்.

செய்தவர் நைனாவோடு ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த சித்தப்பா முறைக்காரர், மூடிய பிறகு வெல்டிங் பட்டறை வைத்தவர். எல் ஆங்கிளில் சட்டம், அதன்மேல் 18 கேஜ் தகடு, குறுக்கே இரண்டு பட்டை. துத்தநாகம் பூசிய தகடு வேண்டும் என்று நான் ஃபோனில் படித்த படிப்பைக் காட்டினேன். அதை வெல்டு வைத்தால் வரும் வெள்ளைப் புகையில் ராத்திரி காய்ச்சல் வரும், சாதாத் தகட்டில் ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தால் போதும் என்று விட்டார். உண்மைதான். மண் சாந்துச் சுவரில் ஹோல்டுஃபாஸ்ட் பிடிக்காது என்பதால் பக்கத்துக்கு மூன்று இடம் கல்லைப் பெயர்த்து, ஜல்லி கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி, அப்புறம்தான் கதவை மாட்டினார். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டார். "சுரங்கத்தைத்தான் மூடுனாங்க, பூமிய மூடலையே" என்றாராம். அதுவும் சரிதான். பம்புகளை நிறுத்தியதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அதற்கப்புறமும் அதிர்வுகள் வந்ததை, 1988-ல் கேஜிஎஃபில் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

இத்தனை பார்த்தவர்கள் ஒன்றைப் பார்க்கவில்லை. 2009-ல் ஒரு காலை அம்மா உள்ளே வழுக்கி விழுந்தார். தாழ்ப்பாள் உள்பக்கம். குரல் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து தள்ளிப் பார்த்திருக்கிறார். தகரமாக இருந்தால் ஒரு உதை. இது அசையவில்லை. ஆண்கள் எல்லாம் ரயிலில் போயிருந்தார்கள். சித்தப்பாவைத் தேடிப் பிடித்து, கீலை அறுத்துக் கதவைக் கழற்றுவதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. எனக்கு இங்கே செய்தி வந்தது ஆபீஸ் மீட்டிங்கில். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த 18 கேஜ் தகடுதான் கண்ணில் நின்றது. கேட்டு வாங்கியவன் நான்.

அம்மா தேறி நடந்த பிறகு முதலில் செய்த காரியம், சித்தப்பாவைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை வெட்டச் சொன்னது. ஃபோனில் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கும்மா இரும்புக் கதவு? எவன் வேணா கைய விட்டுத் திறப்பானே" என்று கத்தினேன்.

"எவன் வேணா விட முடியாது. எதிர்வீட்டு அக்காவை நிக்க வெச்சு, அவ கைய அளந்து வெட்டுனது" என்றார்.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று ஓட்டையில் கையை விட்டுப் பார்த்தேன். விரல் மொட்டியோடு நின்றுவிட்டது. எதிர்வீட்டு அக்காவைத்தான் கூப்பிட்டேன். வளையலை மேலே தள்ளிக்கொண்டு வந்து திறந்துவிட்டார்.