நைல் பெர்ச்சும் விக்டோரியா ஏரியும்

நைல் பெர்ச் என்பது ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் மிகப் பெரிய கொன்றுண்ணி மீன் ஆகும். இதன் அறிவியல் பெயர் லேட்டஸ் நைலோட்டிகஸ். தமிழகக் கடற்கரையிலும் கழிமுகங்களிலும் பிடிபடும் கொடுவா மீனும் இதே லேட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நைல் பெர்ச் 2 மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. குஞ்சாக இருக்கும்போது மிதவை உயிரிகளையும் பூச்சிகளையும் இறால்களையும் தின்னும். வளர்ந்தபின் மீன்களே முதன்மை உணவு. தன் இனக் குஞ்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த நீரில் மட்டும் அதனால் தாக்குப்பிடிக்க இயலாது.

பண்டைய எகிப்தில் எஸ்னா நகர மக்கள் இம்மீனை நெய்த் என்னும் பெண் தெய்வத்துக்கு உரியதாகப் போற்றினர். இறந்த மீன்களைப் பதப்படுத்திப் புதைத்தனர். கிரேக்கர் அந்நகரை லாட்டோபோலிஸ் என்று அழைத்ததற்கும் இம்மீனே காரணம்.

நைல் ஆற்றில் இவ்வளவு தொன்மையான இம்மீன், அந்த ஆறு புறப்படும் விக்டோரியா ஏரியில் அண்மைக் காலம் வரை இல்லை. இடையிலுள்ள மர்ச்சிசன் அருவி அதன் வழியை அடைத்திருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு இடையே ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரந்த அந்த ஏரியில் சுமார் 500 வகைச் சிறு சிக்லிட் மீன்கள் வாழ்ந்தன. நம் ஊர்க் குளங்களில் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குடும்பமே. நத்தையை உடைத்துத் தின்பவை, பாசியைச் சுரண்டுபவை, பிற மீன்களின் செதிலைக் கடிப்பவை என ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழைப்பு இருந்தது.

1905 அளவில் செவுள் வலை ஏரிக்கு வந்தது. அதன்பின், மக்கள் விரும்பி உண்ட 'ங்கெகெ' என்னும் உள்ளூர்த் திலாப்பியா குறையத் தொடங்கியது. குடியேற்ற ஆட்சியின் மீன்வள அலுவலர்கள் சிலருக்கோ சிக்லிட்கள் முள் நிறைந்த குப்பை மீன்களாகவே தெரிந்தன. அவற்றைத் தின்று கொழுக்கும் பெரிய மீன் ஒன்றை விட்டால் இலாபம் என்று கருதினர். 1920களின் இறுதியில் ஏரியை ஆய்ந்த மைக்கேல் கிரகாம் இது பேராபத்து என எச்சரித்திருந்தார். 1960இல் ஜெஃப்ரி ஃபிரையரும் எதிர்த்து எழுதினார். ஆனால் 1950களிலேயே உகாண்டாப் பகுதியில் மீன் ஓசையின்றி விடப்பட்டுவிட்டது. 1960களின் தொடக்கத்தில் அதுவே வெளிப்படையாக நடந்தது. அறியாமையால் நேர்ந்த பிழை என்று இதனைச் சொல்வதற்கில்லை.

இருபது ஆண்டுகள் பெரிய மாற்றம் ஏதும் தெரியவில்லை. 1980களில் நைல் பெர்ச் திடீரெனப் பெருகியது. ம்வான்சா வளைகுடாவில் ஆய்வு செய்துவந்த லெய்டன் பல்கலைக்கழகத்தினரின் இழுவலைகளில் சிக்லிட்கள் ஒரு சில ஆண்டுகளுக்குள் அற்றுப்போயின. ஏரி முழுவதும் ஏறத்தாழ 200 இனங்கள் அழிந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது.

கரையிலும் வாழ்க்கை மாறியது. சிறு மீன்களை வெயிலில் காயவைத்தாலே போதும். கொழுப்பு மிக்க நைல் பெர்ச்சையோ புகையூட்ட வேண்டும். அதற்கு விறகு வேண்டும். ஏற்றுமதி ஆலைகள் எழுந்தன, பலருக்கு வேலையும் பணமும் கிடைத்தன. சதை ஐரோப்பாவுக்குச் சென்றது. எஞ்சிய தலையும் முள்ளும் 'ம்கொங்கோ வாசி', அதாவது வெற்று முதுகு, என்ற பெயரில் ஏழைகளுக்கு விற்கப்பட்டன.

எனினும் எல்லாப் பழியையும் இம்மீன்மேல் சுமத்துவது சரியன்று. காடழிப்பாலும் கழிவாலும் ஏரி நீர் கலங்கியது. சிக்லிட் பெண்மீன்கள் நிறத்தைக் கண்டே இணையைத் தேர்கின்றன. கலங்கிய நீரில் நிறம் தெரியாததால் இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பதை 1997இல் ஓலே சீஹவுசனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர்.

மீன்பிடி மிகுந்து நைல் பெர்ச் குறைந்தபோது, 1990களில் சில சிக்லிட் இனங்கள் மீண்டும் வலைகளில் தென்பட்டன. பாறை இடுக்குகளிலும், ஆக்சிஜன் குறைந்த பாப்பிரஸ் கோரைச் சதுப்புகளிலும் சில தப்பியிருந்தன. பெரிய ஏரியில் அரிதாகிப்போன ங்கெகெ, அதன் அருகே சதுப்புநிலம் சூழ்ந்துள்ள கென்யாவின் கன்யபோலி என்னும் சிற்றேரியில் பிழைத்திருக்கிறது.