தோண்டுறதுக்கு ஒரு சட்டம், மூடுறதுக்கு?

விருதுநகர் மாவட்டம்னா பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர்னு சொல்லிட்டுப் போயிடுவோம். பந்தல்குடி சுண்ணாம்புக்கல் சுரங்கமும் காரியாபட்டிப் பக்கத்துக் கல்குவாரிகளும் அந்தப் பட்டியல்ல வர்றதே இல்லை.

கல் எடுத்து முடிச்ச குவாரி கடைசியில ஒரு கிடங்காத்தான் மிஞ்சும். மழைத்தண்ணி நிறைஞ்சா பார்க்கக் குளம் மாதிரிதான் இருக்கும். ஆனா கரை கிடையாது, படித்துறை கிடையாது, கால் வச்சா செங்குத்துப் பாறை. லீவு நாள்ல குளிக்கப் போன பசங்க மூழ்கிட்டாங்கன்னு செய்தி படிக்காத தமிழன் யாரும் இருக்க மாட்டான்.

சரி, இந்தக் கிடங்கு யார் பொறுப்பு?

1957ல சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் வந்தது. கருங்கல், ஜல்லி மாதிரியான சிறுகனிமங்களை அதோட 15ஆம் பிரிவு மாநிலங்கள் கையில கொடுத்துச்சு. 1959ல நம்ம மாநில விதிகள் வந்தன. யாருக்குக் குத்தகை, அரசுக்கு எவ்வளவு பணம் என்பதுதான் அன்னைக்குப் பெரிய கவலை. ரிக்வயர்மென்ட்லயே எழுதாத விஷயத்தைக் கடைசியில யார் செய்வா?

2003லதான் சுரங்கத்தை மூடுறதுக்கும் திட்டம் கொடுக்கணும், அதுக்கு நிதி உத்தரவாதமும் கட்டணும்னு விதி வந்தது. சிமெண்ட் சுண்ணாம்புக்கல்லுக்கு அது பொருந்தும். சிறுகனிமமான கருங்கல்லுக்குப் பொருந்தாது. நம்ம கிடங்குகள் அப்படியே அனாதையா நின்னுச்சு.

அமெரிக்காவுல 1977லயே ஒரு சட்டம் போட்டாங்க. வெட்டுற ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் கட்டணம் வாங்கி, கைவிட்ட பழைய சுரங்கங்களைச் சரிபண்ண ஒரு நிதி. ஆனா தங்கம், செம்புச் சுரங்கங்களுக்கு அது போதலை. நல்ல மனசோட சுத்தம் பண்ணப் போற தொண்டு அமைப்பு மேலயே, 1972 நீர்ச் சட்டப்படி மாசுக்கான பொறுப்பு விழும்னு பயம். அதுக்குப் பாதுகாப்பு கொடுக்குற சட்டம் 2024 டிசம்பர்லதான் வந்தது. அதுவும் சோதனை முயற்சியா, அதிகபட்சம் 15 அனுமதி!

இங்கே 2015ல மாவட்ட கனிம அறக்கட்டளை வந்தது. பழைய பெருங்கனிமக் குத்தகைகள்ல ராயல்டியில 30%, ஏலத்துல போனதுக்கு 10%. சிறுகனிமக்காரங்ககிட்டயும் மாநிலம் வசூலிக்கலாம். அந்தப் பணத்துல குறைஞ்சது 60% குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம் மாதிரி வேலைகளுக்குன்னு அன்னைக்கு வழிகாட்டுதல். பாதிக்கப்பட்டவங்க யார்னு கிராமசபைப் பிரதிநிதிகளைக் கலந்து முடிவு பண்ணணும்னும் அதுல இருக்கு.

கிடங்கால பயனே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2017லயும் 2019லயும் சென்னை தாகத்துல தவிச்சப்ப, சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான் குடிக்கக் கொடுத்தாங்க. தலைநகரத்துக்கு முடிஞ்சது வானம் பார்த்த பூமிக்கு முடியாதா? எல்லாத்தையும் மண் போட்டு மூட வேண்டாம். ஒண்ணுக்கு வேலி, ஒண்ணுக்குக் கரை, ஒண்ணுக்குப் படித்துறை போதும்.

ஆக, பணத்துக்கு வழி இருக்கு, பேசுறதுக்கு இடமும் இருக்கு. உங்க ஊர்ல கிடங்கு இருந்தா, அடுத்த கிராமசபையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கனிம அறக்கட்டளைப் பணத்துல நம்ம கிடங்குக்கு என்ன செஞ்சீங்க? பதிலை மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க.