புதுசு வந்தா பழசு விலை இறங்குமா? மயிலாப்பூர் ஃபியட் முதல் அடையாறு பிக்கப் வரை

மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு மெட்ராஸ் நாள். விடியக்காலை நாலு மணிக்கு மதுராந்தகம் பக்கத்திலிருந்து என் டாடா ஏஸில் சீரக சம்பா, மாப்பிள்ளை சம்பா, உளுந்து, செக்கு எண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், முதலில் அடையாறு காந்தி நகர், அப்புறம் மந்தைவெளி, மயிலாப்பூர், கடைசியில் தி.நகர். பத்து வருஷமா இதே ரூட்டுதான்.

2022 ஜனவரியில், காந்தி நகர் வாடிக்கையாளர் ஒருத்தர் மூட்டையை இறக்கும்போது கேட்டார்: "இந்த வண்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன், உங்களுக்கு வேணுமா?" அவர் வாசலில் நின்றது இசுசு வி-கிராஸ், 2017 மாடல். நாலு கதவு, பின்னாடி திறந்த தொட்டி, நாலு சக்கரமும் இழுக்கும். நம்ம கொல்லைக்குப் போற களிமண் பாதையில் ஐப்பசி மழைக்கு ஏஸ் பாதியிலேயே நின்னுடும். அந்த வண்டி நிக்காது. ரெண்டு வருஷமா அதைப் பார்த்து ஏங்கிக்கிட்டு இருந்தவன் நான்.

11 லட்சம் சொன்னார். டொயோட்டா ஹைலக்ஸ் வரப்போகுது, அதுக்கு புக் பண்ணியிருக்கேன் என்றார்.

நான் என்ன நினைச்சேன்னா, புதுசா பெரிய வண்டி வந்துட்டா பழசு விலை தானா இறங்கும். அறுப்பு முடியட்டும், நெல்லுப் பணம் வரட்டும், அப்ப ஒன்பதுக்குக் கேட்கலாம். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வந்துவிட்டேன்.

மே மாசம் போனபோது வண்டி இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் பதினொன்றரைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இறங்கும் என்று நான் காத்திருந்த நாலு மாசத்தில் ஐம்பதாயிரம் ஏறியிருக்கிறது!

இது எப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. பழசையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தால், இந்த ஊரில் இது ஒண்ணும் புதுசு இல்லை.

மெட்ராஸில் முதன்முதலில் கார் ஓட்டியவர் பாரி கம்பெனியின் ஏ.ஜே. யார்க் என்ற வெள்ளைக்காரர் என்று சொல்வார்கள். அடையாறு பென்ஸ் கார்டன்ஸ் பங்களாவிலிருந்து பாரிமுனை ஆபீஸுக்கு அதில் போய் வருவாராம். அப்ப விலை ஏறுவதும் இறங்குவதும் ஏது, வாங்க இன்னொரு ஆள் இருந்தால்தானே. பிறகு சிம்ப்சன், அடிசன் என்று மவுண்ட் ரோடு வண்டி வியாபாரத் தெருவானது. இந்தக் கதைக்கு அவ்வளவு போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் விஷயம் சுவாரசியமாகிறது. வெளிநாட்டுக் கார் இறக்குமதியை அரசாங்கம் ஏறக்குறைய நிறுத்தியது. உள்ளூரில் மூன்றே கார். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாஸடர், பம்பாயில் ஃபியட், நம்ம வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. எத்தனை செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். யாருக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை. அதன்படி புதுக் கார் வாங்கியவர் அனுமதி இல்லாமல் ரெண்டு வருஷத்துக்கு விற்கக் கூடாது. எதுக்கு இப்படி ஒரு சட்டம்? ஷோரூமிலிருந்து எடுத்து அடுத்த நாளே விற்றால் லாபம். அதனால்தான். விலையையும் அரசாங்கமே கட்டிப்போட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-ல் தீர்ப்பானது.

ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் காசு இருக்கிறவன் காத்திருப்பானா? பழசைத் தேடுவான். புது வண்டியின் கட்டுப்பாட்டு விலையை விட, ரெண்டு வருஷம் ஓடிய வண்டிக்கு அதிக விலை. நெல்லில் இப்படி யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடையில் விலை குறைவு, ஆனால் மூட்டை இல்லை. மண்டியில் மூட்டை இருக்கிறது, விலை அவன் சொல்வதுதான்.

எங்க பெரியப்பா மதுராந்தகத்தில் ரைஸ் மில் வைத்திருந்தவர். 1982 கடைசியில் மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் ஃபியட் வாங்கினார். அந்தக் காலத்துல பேப்பரில் கார் விளம்பரம் வந்தால் 'டாக்டர் ஓட்டியது', 'ஒரே கை' என்று போடுவார்கள். மயிலாப்பூர் வக்கீல் வண்டி என்றால் அதுக்கும் மேலே. கோர்ட்டுக்கும் கோயிலுக்கும் தவிர எங்கேயும் போயிருக்காது என்று ஒரு நம்பிக்கை. புது வண்டி விலைக்கு மேல் கொடுத்துத்தான் வாங்கினார். "அஞ்சு வருஷம் ஓட்டிட்டு இதே விலைக்குக் கொடுத்துடலாம்டா, கார் என்னிக்குமே நஷ்டம் ஆகாது" என்று அப்பாவிடம் சொன்னாராம். அன்னிக்கு அது உண்மைதான். இருபது வருஷமா ஊரே அப்படித்தான் பார்த்திருந்தது.

அடுத்த வருஷம், 1983 டிசம்பர் 14. இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை ரூ.47,500. ஆரம்பத்தில் மாருதிக்கும் க்யூ, மேல்பணம் எல்லாம் இருந்தது. ஆனால் தொழிற்சாலை வேகம் பிடித்ததும் க்யூ கரைந்தது. பெரியப்பா ஃபியட்டை 1987-ல் விற்கப் போனார். வாங்கியதில் பாதிகூட வரவில்லை என்று பெரியம்மா இன்னிக்கும் சொல்வாங்க. வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அவர் கொடுத்த விலையில் பாதி, க்யூவுக்குக் கொடுத்த விலை. க்யூ போனதும் அதுவும் போச்சு.

அதே சமயத்தில் நம்ம வண்டலூரிலும் ஒண்ணு நடந்தது. ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டையும் கெஸலையும் நிறுத்திவிட்டு, ஸ்டாண்டர்ட் 20 வேன்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. 1985-ல் திடீரென்று ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு சொகுசுக் கார். உடம்பு இங்கிலாந்தின் ரோவர், உள்ளே போட்டது ரொம்பப் பழைய ரெண்டு லிட்டர் எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். 1988-க்குள் கம்பெனியே மூடியாச்சு. மிச்சமிருந்த பாகங்களை இங்கிலாந்துக் கடை ஒன்று வாங்கிக்கொண்டு போனது. இங்கே வண்டி வைத்திருந்தவர்கள் புதுப்பேட்டையில் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். செய்கிறவன் போய்விட்டால் ஓடுகிற வண்டியும் பாதி அனாதை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகர்ப் பக்கம் என் சொந்தக்காரப் பையன்கள் முதலில் பேசினது வேலையைப் பற்றி. ரெண்டாவது பேசினது, வீட்டில் நிற்கிற ஃபோர்டு இனிமே என்ன விலைக்குப் போகும் என்பதைப் பற்றி.

சரி, பிக்கப்புக்கு வருவோம். நம்ம ஊரில் பிக்கப் என்றால் சரக்கு வண்டி. 1988-ல் வந்த டாடாமொபைல், பிறகு 207, மகிந்திரா பொலேரோ பிக்கப், 2005 மே மாசம் வந்த டாடா ஏஸ். இதெல்லாம் வயிற்றுக்கு ஓடுகிற வண்டி. மாடல் மாறினாலும் விலை மெதுவாகத்தான் இறங்கும், ஏன்னா வாங்குகிறவன் பார்ப்பது ஒரு நடைக்கு என்ன மிஞ்சும் என்பதை மட்டும். குடும்பமும் போகலாம், மூட்டையும் போகலாம், எஞ்சினில் பலமும் இருக்கும் என்கிற பிக்கப் வேறு சாதி. 2007-ல் மகிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, 2009-ல் டாடா ஸீனான் எக்ஸ்டி வந்தன. நிலைக்கவில்லை.

இசுசு கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அம்பாஸடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு திருவள்ளூரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. 1990-களில் அம்பாஸடருக்கே 1800 சிசி இசுசு எஞ்சின் வந்தது, டாக்ஸிக்காரர்களுக்கு நினைவிருக்கும். இசுசு தன் பெயரில் இங்கே பிக்கப் விற்க வந்தபோது, முதலில் கூலிக்குச் செய்து கொடுத்தது அதே திருவள்ளூர் தொழிற்சாலை. 2014 மே மாசம் உத்தர்பாராவில் அம்பாஸடர் நின்றது. 2016-ல் தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் இசுசு சொந்தத் தொழிற்சாலை திறந்து, அந்த மே மாசம் வி-கிராஸை விட்டது. 134 குதிரைத் திறன், சென்னை ஷோரூம் விலை 12.49 லட்சம். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் கடல் படகு, மலைப்பயணம் என்று திரிகிறவர்கள் அதை வாங்கினார்கள். எங்களைப் போல ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

இப்ப கணக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி. பழைய எஞ்சினோடு விற்க முடியாது. வி-கிராஸ் ஒரு வருஷத்துக்கு மேல் ஷோரூமிலேயே இல்லை. 2021 மே மாசம் புது 1.9 லிட்டர் எஞ்சினோடு, 163 குதிரைத் திறனோடு திரும்பி வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற கியர் வண்டி விலை ஏறக்குறைய 21 லட்சம். அதோடு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் 25-ஐத் தொடும். 2022 மார்ச் கடைசியில் வந்த ஹைலக்ஸ் ஆரம்ப விலையே 33.99 லட்சம்.

நான் எதிர்பார்த்தது 1983. நடந்தது 1975. புதுசு வந்தது உண்மைதான், ஆனால் பழசை வாங்குகிறவன் கைக்கு எட்டாத உயரத்தில் வந்தது. அப்ப 25 லட்சத்துக்கும் 34 லட்சத்துக்கும் பக்கத்தில் 11 லட்சம் நின்றால் அது மலிவாகத்தானே தெரியும்? பொள்ளாச்சிக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது. போன் பண்ணி, பணத்தைப் போட்டு, மறுநாளே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

காந்தி நகர் சார் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுதான். வி-கிராஸ் அவருக்கு எல்லாம் சேர்த்து 15 லட்சம் ஆனது. அஞ்சு வருஷம் ஓட்டி, ஸ்பிதி வரைக்கும் போய்வந்து, பதினொன்றரைக்கு விற்றார். மூன்றரை லட்சம் நஷ்டம். 2022-ல் 33.99-க்கு எடுத்த ஹைலக்ஸின் விலையை 2023 மார்ச்சில் கம்பெனி 30.40 ஆகக் குறைத்தது. "அஞ்சு வருஷத்துல போனது ஒரே காலையில போச்சு" என்றார். அந்த மாசம் எண்ணெய் ரெண்டு லிட்டர் குறைத்து வாங்கினார், அது இதனால்தானா என்று நான் கேட்கவில்லை.

அதுக்கப்புறம் நானும் விடாமல் தேடினேன். தி.நகரில் மூட்டை இறக்குகிற வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி பழைய வண்டி விற்கிற ஒரு புரோக்கர் பழக்கமானார். அவரிடம் கற்றது நிறைய. 06 என்றால் மந்தைவெளி, 07 திருவான்மியூர், 09 கே.கே. நகர், நம்பரைப் பார்த்ததும் எந்த ஏரியாவில் நின்ற வண்டி என்று கொஞ்சம் தெரிந்துவிடும். முன்னே 07-க்கு மதிப்பு. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்து கோட்டூர்புரம் மூழ்கிய பிறகு அதே 07-ஐப் பார்த்தால் கிராமத்து ஆட்கள் சந்தேகப்படுகிறார்களாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க என்பார். தண்ணியில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருட்டியிருக்கிற பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை வரிசையாக விட்டார்களே, அதைப் பார்த்து நாம சிரிச்சோம். அவங்க காப்பாத்தினது வண்டியை மட்டும் இல்லை, அதை விற்கிற விலையையும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறியது. சின்னக் கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் 28-லிருந்து 18 சதவீதம். புது மாடல் எதுவும் வரவில்லை, அதே வண்டி, அதே நிறம். ஆனால் ஷோரூமில் புதுசு குறைந்ததும் யார்டில் நின்ற பழசெல்லாம் குறைக்க வேண்டியதாகிவிட்டது. அக்டோபரில் நான் போனபோது புரோக்கர் முகம் வாடியிருந்தது. ஆகஸ்டில் காசு கொடுத்து எடுத்துப் போட்ட ஏழு வண்டி அப்படியே நிற்கிறது.

"பெரியப்பா மாதிரி மாட்டிக்கிட்டீங்களாண்ணே" என்றேன். கதை முழுக்கக் கேட்டார். அப்புறம், மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒன்றைத் திறந்து காட்டினார். வி-கிராஸ், 2018, 09 நம்பர். பத்து லட்சம் என்றார். அதை மட்டும் குறைக்க மாட்டாராம்.

சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சம்பா அறுப்பு தை மாசம். என் ஏஸை எவ்வளவுக்கு எடுத்துக்குவீங்க என்று கேட்டேன். சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, புது ஏஸ் விலையே இப்ப குறைஞ்சிடுச்சே அண்ணே என்று ஆரம்பித்தார்.