யாரும் திறக்காத கதவு: எஸ்எம்பி1 கதை

ஒரு புரோட்டோகாலை விண்டோஸில் சேர்ப்பது சுலபம். எடுப்பதுதான் பெரும்பாடு. எஸ்எம்பி1 விஷயத்தில் அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு.

1983 வாக்கில் ஐபிஎம்மில் இருந்த பேரி ஃபைகன்பாம் இதை உருவாக்கினார். தேவை சின்னதுதான்: டாஸ் ஓடும் ஒரு கணினி, இன்னொரு கணினியில் இருக்கும் ஃபைலைத் தன் டிஸ்க்கில் இருப்பது போலவே திறக்கணும். ஒரே ஆபீஸ், ஒரே கேபிள், தெரிந்த ஆட்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் இதை வளர்த்தெடுத்து விண்டோஸின் ஃபைல் பகிர்வுக்கு அடிப்படையாக்கியது. வாங்கியவருக்கு அது வேணுமான்னு கேட்கலை, டீஃபால்ட்டாகவே வந்தது.

விஸ்டாவோடு எஸ்எம்பி2 வந்துவிட்டது. அப்பவே பழையதை நிறுத்தியிருக்கலாமே? முடியலை. எக்ஸ்பி கணினிகள், ஸ்கேனர்கள், நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகள்னு பலதுக்கும் பழைய பாஷைதான் தெரியும். எஸ்எம்பி1 எல்லா விண்டோஸிலும் இருந்ததால் அவற்றைத் தயாரித்தவர்களுக்கு மாற வேண்டிய அவசரம் இல்லை. அவர்கள் மாறாததால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை எடுக்க முடியலை. செக்குமாடு கணக்கா ஒரே சுற்று.

2016 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் நெட் பைல், எஸ்எம்பி1-ஐப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். 2017 மார்ச் 14 அன்று அதிலிருந்த ஓட்டைக்குப் பேட்ச் வந்தது. ஏப்ரல் 14 அன்று, அதே ஓட்டைக்காக அமெரிக்காவின் என்எஸ்ஏ வைத்திருந்த எடர்னல்ப்ளூ கருவி வெளியே கசிந்தது. மே 12 அன்று வான்னாக்ரை பரவியது. யாரும் எந்த இணைப்பையும் க்ளிக் செய்ய வேண்டியதில்லை. போர்ட் 445 எட்டும்படி இருந்து, பேட்ச் இல்லாவிட்டால் போதும்.

இங்கிலாந்தில் 236 என்ஹெச்எஸ் டிரஸ்ட்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று என்ஹெச்எஸ் இங்கிலாந்து அமைப்பே பிறகு கணக்கிட்டது. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு நோயாளிகள் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

பேட்ச் போடாததுதான் தப்புன்னு வழக்கமாகச் சொல்வார்கள். உண்மைதான், 59 நாள் அவகாசம் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கு: அந்தக் கணினிகளில் எத்தனைக்கு எஸ்எம்பி1 தேவைப்பட்டது? தன் வீட்டில் இருப்பதே தெரியாத கதவை யார் போய்ப் பூட்டுவார்?

2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10, 1709 பதிப்பில் விடை கிடைத்தது. புதிதாக நிறுவினால் எஸ்எம்பி1 சர்வர் பகுதி கிடையாது. ஹோம், ப்ரோ பதிப்புகளில் க்ளையன்ட் பகுதி மட்டும் இருக்கும். 15 நாள் பயன்படுத்தலைன்னா அதுவும் தானாகவே நீங்கிவிடும். "இது உனக்கு வேணுமா?" என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டார்கள்.

உங்கள் கணினியில் ஒருமுறை நெட்ஸ்டாட் ஓட்டிப் பாருங்க. காத்திருக்கும் போர்ட்டுகளில் நீங்களாகத் திறந்தது எத்தனைன்னு எண்ணுங்க.