கோபுரம் ஏறியவர்கள்



பிரிக்பீல்ட்சை ஒட்டிய கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் செல்லும் கொமுட்டர் இரயில், வழியில் அங்காசாபுரி நிலையத்தில் நிற்கும். அருகிலுள்ள ஒலிபரப்பு மாளிகை 1968இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஒலித்த தமிழ் அறிவிப்பாளர்களின் பெயர்களை நம் மூத்தோர் இன்றும் வரிசையாகச் சொல்வர். அக்குரல்களை வானில் செலுத்திய ஆண்டெனாக்களைக் கோபுரமேறிப் பொருத்தியவர் யாவர் எனக் கேட்டால் மௌனமே விடையாகிறது. எனினும், அவர்கள் ஏறிய உயரங்களைக் கொண்டு அவர்தம் பணியை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

1930ஆம் ஆண்டளவில், மலாயா வானொலிக் கழகத்தைச் சார்ந்த ஆர்வலர்கள் கோலாலம்பூர் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பினர். 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தோன்றியது. அக்காலத்து மத்திய அலை ஒலிபரப்பில் அலையின் நீளத்திற்கேற்ப ஆண்டெனாவும் நெடியதாய் இருத்தல் வேண்டும். 325 மீட்டர் அலைக்கு அதன் கால்பங்கு, அதாவது ஏறத்தாழ 80 மீட்டர் உயரம் தேவை. இவ்வகை ஒலிபரப்பில் பெரும்பாலும் கம்பத்தின்மேல் ஆண்டெனாவைப் பொருத்துவதில்லை. கம்பம் முழுவதுமே ஆண்டெனாவாகும். அதன் அடி பீங்கான் காப்பின்மேல் நிற்கும். உடலெங்கும் மின்னோட்டம் பாயும். ஒரு காலை மண்ணில் ஊன்றியபடி கம்பத்தைத் தொடுபவர் கருகிப்போவார். ஆகவே, ஒலிபரப்பை நிறுத்திய பின்னரே ஏறுதல் முறை. நள்ளிரவில் வானொலி ஓய்ந்திருக்கும் வேளையே பழுதுபார்ப்போரின் பணிநேரமாயிற்று.

1970களில் பண்பலை வந்தபின் நிலை மாறியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்.எம். ஒலிக்கும் 96.3 மெகாஹெர்ட்சின் அலைநீளம் 3 மீட்டரைச் சற்றே தாண்டும். அதற்கான ஆண்டெனா உறுப்போ ஓர் ஆளின் கைவிரிப்பைவிடச் சிறியது. ஆனால் இவ்வலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் குன்றும் கட்டடமும் அதனை மறிக்கும். எனவே கருவி சிறுத்தது. ஏறவேண்டிய உயரம் பெருகியது. கெந்திங் மலைப்பகுதியில் 1,772 மீட்டர் உயரமுள்ள கூனோங் ஊலு காலியின் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் எழுந்தன. அங்கே மூடுபனியும் ஈரமும் இரும்பை ஓயாது அரிக்கும். இணைப்புகளின் வழியே கம்பிவடத்தினுள் நீர் கசியும்.

பின்னர் புக்கிட் நானாஸ் குன்றில் 1991இல் கோலாலம்பூர் கோபுரத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1994 செப்டம்பரில் ஆண்டெனாக் கம்பம் நிறைவுற்றது. 1996 அக்டோபரில் அதிகாரபூர்வத் திறப்பு விழா நடந்தது. மொத்த உயரம் 421 மீட்டர். நாம் காட்சி மாடத்திற்கு மின்தூக்கியில் சென்று நகரைக் கண்டு திரும்புகிறோம். மாடக் கூரையோ 335 மீட்டரில் முடிந்துவிடும். எஞ்சிய 86 மீட்டரும் பணியாளர்க்கே உரியது.

தமிழ் வானொலிக்கு ‘மின்னல்’ எனப் பெயரிட்டவர்கள் கோபுரத் தொழிலாளரைக் கேட்டிருந்தால் வேறு பெயரைச் சொல்லியிருப்பார்களோ என்னவோ! உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் நம் பள்ளத்தாக்கும் ஒன்று. பிற்பகலில் கருமேகம் திரளும் முன்னரே இறங்கிவிட வேண்டும். நூறு மீட்டர் ஏணியில் இறங்குவதற்குக் கால் மணி நேரமாவது ஆகலாம். மின்னலோ அதுவரை காத்திராது. இயங்கும் ஆண்டெனாவின் அருகில் கண்ணுக்குப் புலப்படாத வெப்பமும் உண்டு. உடலை அது உள்ளிருந்தே சூடாக்கும். அதனால் கீழே ஒருவர் மின்திறனைக் குறைத்தோ நிறுத்தியோ காவல் இருப்பார். அவர் தவறினால் மேலிருப்பவர் உயிருக்கு உறுதியில்லை.

முன்னாளில் உலகெங்கும் இவர்களுக்கிருந்த காப்பு இடுப்பில் பூட்டிய தோல்வார் ஒன்றே. அதுவும் ஓரிடத்தில் நின்று பணிசெய்யும்போதுதான் உதவும். ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிடியே துணை. தோள், மார்பு, தொடை என முழுவுடலையும் தாங்கும் வாரும், ஒன்றைக் கழற்றுமுன் மற்றொன்றைப் பூட்டும் இரட்டைக் கொக்கியும் பின்னரே பரவின. நம் நாட்டில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது 1994இல்தான். கோபுர உச்சியில் கம்பம் நிறைவுற்றதும் அதே ஆண்டில்!

2019 அக்டோபரில் நாடு முழுவதும் பழைய ஒப்புமைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு முடிவுற்று எண்ணிமம் வந்தது. அதன்பின்னும் ஏணிக்கு ஓய்வில்லை. பிரிக்பீல்ட்சு இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளானிலும் தந்தி, தொலைத்தொடர்புப் பணிகளில் இருந்த தமிழர் குடும்பங்கள் பல உண்டு. உங்கள் வீட்டுத் தாத்தா எவரேனும் கம்பம் ஏறியிருந்தால், எந்தக் கோபுரம், எந்த ஆண்டு, உடன் ஏறியவர் யார் என்பதையாவது அவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.